வார ஊசியும் மீன் ஐஸும்

1. முதல் நாள்

“ஐஸ் போட்டுப் பெட்டி கட்டத் தெரியுமால?”

அந்தமானில், போர்ட் பிளேர் மெடிக்கல் கடையில் வேலை கேட்டுப் போனபோது கடை முதலாளி அண்ணாச்சி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எத்தனாவது படித்தாய் என்று அப்புறம்தான் கேட்டார்.

“தெரியும் அண்ணாச்சி. அது மட்டுந்தான் நல்லாத் தெரியும்” என்றேன்.

பொய் இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஜங்லிகாட் மீன் செட்டில் வேலை. மெயின்லேண்டுக்குப் போகிற மீனுக்குத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டுவேன். கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், நடுவில் ஐஸ், மறுபடி மீன். தூரப் பயணம் என்றால் ஐஸில் இரண்டு கை கல்லுப்பு போட்டுக் கலக்க வேண்டும். குளிர் இன்னும் இறங்கும், மீன் கல்லு மாதிரி ஆகிவிடும். நான் கட்டின பெட்டியில் மீன் கெட்டுப்போச்சு என்று ஒரு போன் வந்ததில்லை. “சூசை கட்டுனதா? அப்ப ஏத்து” என்பார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அண்ணாச்சி என்னை எடுத்தார். அப்போதுதான் வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசிகள் தீவுக்கு வர ஆரம்பித்திருந்தன. எல்லாம் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. திக்லிபூருக்குப் பஸ்ஸிலும் ஹட் பே ஊருக்குக் கப்பலிலும் அனுப்ப வேண்டும். குளிர் தெரிந்த ஆள் ஒருவன் தேவைப்பட்டது.

மெடிக்கல் கடைக் கவுண்டருக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். என் அக்கா பிலோமி செத்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் செத்ததற்குக் காரணம் இந்த வேலையில்தான் இருக்கிறது. அதைத் தள்ளிவைத்து வேலையைப் பற்றி மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை.

கடையில் பார்மசிஸ்ட் நிமாய் தா. பெங்காலி. பெங்காலிகள் அண்ணனை ‘தா’ என்று சொல்வார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். முதல் வாரம் அவர் எனக்குப் பார்சல் கட்டக் காட்டினார். குட்டித் தெர்மாகோல் பெட்டி. உள்ளே நீலக் கலரில் ஜெல் பேக். அதை அப்படியே வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, நியூஸ் பேப்பரில் இரண்டு சுற்று சுற்றி, அப்புறம் வைக்க வேண்டும். மருந்து அதில் படக் கூடாது.

“எதுக்கு தா பேப்பர்? குளிர் போயிருமே?”

அவர் கையில் ஏழெட்டு டாக்டர் சீட்டு இருந்தது. கவுண்டரில் கூட்டம்.

“ரூல் ஹை பாய்” என்றார். “ரூல்னா ரூல். கரோ.”

நான் செய்தேன். மறுபடி கேட்கவில்லை. மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இது ஒரு குளிரா? பேப்பர் சுற்றின தண்ணிப் பை. குளிரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆறு வருஷம் ஐஸில் கை வெடித்தவன் நான்.

2. ஒரு இன்ஜின், ரெண்டு இன்ஜின்

கொஞ்ச நாளில் கவுண்டரில் என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நிமாய் தா இங்கிலீஷில் சொல்வது பாதிப் பேருக்குப் புரியாது. நான் தமிழிலும் ஹிந்தியிலும் மீன் செட் பாஷையில் சொல்வேன்.

எல்லாருக்கும் ஒரே கேள்விதான். மூணு ஊசியில் எது பெஸ்ட்?

டூலாக்ளூடைட் என்று ஒன்று, அது மூத்தது. செமாக்ளூடைட் அடுத்தது. டிர்செபடைட் கடைசியாக வந்தது. மூன்றும் வாரம் ஒன்று. மூன்றும் பசியை அமர்த்தும், சாப்பிட்டது வயிற்றை விட்டு மெதுவாக இறங்கும், சுகர் குறையும். உடம்பும் இறங்கும். முதல் இரண்டும் உடம்பில் ஒரு கதவைத் தட்டுகிற மருந்து, டிர்செபடைட் இரண்டு கதவைத் தட்டுகிற மருந்து என்று நிமாய் தா சொல்லியிருந்தார். நான் அதைப் படகு வைத்து மாற்றிச் சொல்வேன்.

“செமா ஒரு இன்ஜின் போட்ட டிங்கி. டிர்செ ரெண்டு இன்ஜின். ரெண்டும் கரைக்குப் போகும். ரெண்டு இன்ஜின் கொஞ்சம் வேகம், நெறைய பேருக்கு எடையும் கூடுதலா எறங்குது. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடாது. சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்தணும். எடுத்ததும் புல் ஸ்பீடு வச்சா வாந்தி.”

ஒரு காண்டிராக்டர் வருவார். மதுரைக்காரர். வயிறு அவருக்கு முன்னால் கடைக்குள் வரும்.

“தம்பி, மக கல்யாணம் ரெண்டு மாசத்துல. கோட்டு பட்டன் போடணும். எந்த ஊசி?”

“டாக்டர் சீட்டு வேணும் சார்.”

“சீட்டெல்லாம் வரும்யா. நீ சொல்லு, நீதான் டாக்டர விட நல்லாச் சொல்றியாமே.”

அண்ணாச்சி பின்னாலிருந்து சிரிப்பார். “எங்க டாக்டர் சூசைகிட்ட கேளுங்க சார். பீஸு கெடையாது.”

கடையில் எல்லாரும் என்னை டாக்டர் சூசை என்றுதான் கூப்பிட ஆரம்பித்தார்கள். வேடிக்கைக்குத்தான். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. மீன் நாற்றம் போகாத சட்டையோடு திரிந்தவனிடம் ஆபீஸர் வீட்டு அம்மாக்கள் சந்தேகம் கேட்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தையும் எழுதி வைக்கிறேன். அதுவும் கணக்கில் வரும்.

3. அக்கா

பிலோமி அக்கா ஹட் பேயில் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டி பக்கம் டிபன் கடை வைத்திருந்தாள். பரோட்டா, மீன் வறுவல், கப்பல் வருகிற அன்று பிரியாணி. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கக் கடற்கரை. அப்பா மீன் தொழிலுக்கு இங்கே வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அம்மா அப்பா போன பிறகு எனக்கு அக்காதான். மச்சான் டிங்கி ஓட்டுகிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அக்காவுக்கு முப்பத்தாறு வயசு. எட்டு வருஷமாகச் சுகர். கனத்த உடம்பு. ஜெட்டிக் கூலி ஆட்கள் ஹிந்தியில் அக்கா என்று கூப்பிட்டே அவளைக் கேலி செய்வார்கள், “தீதி, உன்ன ஏத்தினா கப்பல் சாயும்.” அவளும் விடமாட்டாள். “சாஞ்சா உன் மேல சாயட்டும், நசுங்கிச் சாவு” என்பாள். மாத்திரையும் இரண்டு வேளை இன்சுலினும் போட்டும் சுகர் நிற்கவில்லை. வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை.

போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்து டாக்டரிடம் காட்டினேன். அவர் டிர்செபடைட் எழுதினார். நாலு வாரம் சின்ன டோஸ், அப்புறம் அடுத்தது. குப்பியில் வருவது. இன்சுலின் ஊசி போட்டுப் பழகிய கை, அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். இன்சுலினைப் பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம் என்றார்.

இரண்டு மாதம் என் அறையில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஊசி. அன்றன்றைக்குக் கடை பிரிட்ஜிலிருந்து நான் ஒரு குப்பி கொண்டு வருவேன்.

முதல் இரண்டு வாரம் குமட்டல். மூன்றாவது வாரம் ஒரு நாள் தட்டில் சோற்றை மீதி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணியோடு என்னைப் பார்த்தாள்.

“ஏல, எனக்குப் போதும்னு இருக்குல.”

“அதுக்கு ஏன் அழுத?”

“போதும்னு எனக்கு வந்ததே இல்லல. பொறந்ததுல இருந்து இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்குமா?”

சுகர் இறங்கியது. இன்சுலின் குறைந்து குறைந்து நின்றது. விரல் புண் மூடி ரோஸ் கலரில் தோல் வந்தது. சேலை இடுப்பில் நிற்கவில்லை என்று பின் குத்திக்கொண்டாள். டாக்டர் சந்தோஷப்பட்டார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். சுகர் ஏறினால் உடனே வர வேண்டும், இன்சுலின் மறுபடி தேவைப்படலாம் என்றும் சொன்னார். இதை அவர் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

4. ஸ்பெஷல் பேக்கிங்

அக்கா ஹட் பே திரும்பிப் போனபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. கிளம்பினாலும் பாதிக் கடலில் ஆடிக்கொண்டு கிடக்கும்.

கடை கஸ்டமர்களுக்குக் கடை முறையில் ஜெல் பேக் வைத்துக் கட்டினேன். என் அக்காவுக்கு அப்படிக் கட்ட மனசு வரவில்லை. பேப்பர் சுற்றின தண்ணிப் பையை நம்பி என் அக்கா மருந்தை எப்படிக் கடலில் விடுவது?

ஜங்லிகாட் போய் பழைய கூட்டாளியிடம் பொடி ஐஸ் வாங்கினேன். நல்ல கனமான மீன் பெட்டி. ஐஸில் இரண்டு கை கல்லுப்பு போட்டுக் கலக்கினேன். நாலு குப்பியையும் பாலிதீன் பையில் போட்டு முடிச்சு போட்டு, நடு ஐஸில் புதைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினேன். பிரவுன் டேப் மூன்று சுற்று. டூனாவுக்குக் கட்டுகிற மாதிரிக் கட்டினேன். என் அறையில் வைத்துக் கட்டினேன். நிமாய் தா பார்க்கவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. கடை நேரத்தில் சொந்த வேலை வேண்டாம் என்றுதான்.

ஹட் பே போகிற தெரிந்த ஆள் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அக்கா போன் பண்ணினாள்.

“வந்துச்சுல. கப்பல் எவ்வளவு லேட்டு, ஆனா ஒன் ஐஸ் கரையவே இல்ல. ஒங்க மச்சான் பார்த்துட்டு, ‘இவன் மருந்தக் கட்டுனானா, சுறாவக் கட்டுனானா’ங்காரு.”

“குப்பி உடையலயே?”

“உடையல. மேல வெள்ளையா பனி பூத்துக் கெடந்துச்சு. உள்ள கல்லாட்டம் இருந்துச்சுல. நான் உள்ளங்கையில வச்சு உருட்டி உருட்டி இளக்கிட்டேன். இப்பத் தண்ணியாட்டம் இருக்கு. சரிதான?”

“சரிதான். அவ்வளவு குளிர் எறங்கியிருக்குன்னா மருந்து சேப்புன்னு அர்த்தம்” என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ஜங்லிகாட் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

5. பசி

மூன்று வாரம் கழித்து அவள் குரல் மாறியிருந்தது.

“ஏல, பசிக்குதுல.”

“சாப்பிடு.”

“அந்தப் பசி இல்ல. முந்தி மாதிரி பசி. பரோட்டாக் கல்லு முன்னாடி நிக்க முடியல.”

சுகர் ஏறியிருந்தது. அவள் போனில் அனுப்பிய டெஸ்ட் சீட்டை டாக்டரிடம் காட்டினேன். “அக்கா வரலயா?” என்று கேட்டார். கடையை விட்டு வர முடியவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை என்றேன். யோசித்துவிட்டு டோஸை ஒரு படி ஏற்றினார்.

“மருந்த ஒழுங்கா வச்சிருக்காங்களா? ஸ்டோரேஜ் சரியா இருக்கா?”

“நானே பேக் பண்ணி அனுப்புறேன் சார்” என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். மெடிக்கல் கடைக்காரனே கட்டுகிறான் என்றால் அதற்கு மேல் என்ன கேட்பார்?

இரண்டாவது பெட்டி. அதே ஐஸ், அதே உப்பு. இந்தத் தடவை உப்பு ஒரு கை கூட.

சுகர் இறங்கவில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. கவுண்டரில் எத்தனை பேரைப் பார்க்கிறேன், எல்லாருக்கும் இறங்குகிறது. இவளுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது? டிபன் கடை. கை நீட்டினால் எண்ணெய்ப் பண்டம்.

“அக்கா, உண்மையச் சொல்லு. வாயக் கட்டுதியா இல்லியா?”

“கட்டுதேன்ல.”

“பொய் சொல்லாத. கட்டுனா எப்படி ஏறும்? ஒன் வாய்க்கு எவனும் ஊசி கண்டுபிடிக்க முடியாது.”

பின்னால் ஜெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

“மாதா மேல சத்தியமா திங்கலல” என்றாள்.

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

மூன்றாவது மாதம் நானே ஒரு யோசனை செய்தேன். ரெண்டு இன்ஜின் ஓடவில்லை, ஒரு இன்ஜினைப் போட்டுப் பார்ப்போம். டாக்டரிடம் செமாக்ளூடைட் மாற்றலாமா என்று கேட்டேன். அக்காவை அடுத்த மாதம் கட்டாயம் கூட்டி வா, பார்க்காமல் இனி எழுத மாட்டேன் என்று சத்தம் போட்டுவிட்டு எழுதினார். அது பேனா மாதிரி வருவது. ஆரம்ப டோஸ். அதையும் ஐஸில் புதைத்தேன்.

இரண்டு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் அக்காவிடம் தோற்றன. எனவே குறை அக்காவிடம்தான் என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் பொதுவாக இன்னொன்று இருந்தது. என் கை. அது எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதம்தான் விரல் புண் மறுபடி திறந்தது. ஹட் பே ஆஸ்பத்திரியில் கட்டுப் போடப் போனாள். அங்கிருந்த சிஸ்டர் சுகரைப் பார்த்துவிட்டு, இன்சுலினை மறுபடி ஆரம்பிக்க வேண்டும், டாக்டரைப் பார்த்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறார். அக்கா டாக்டரைப் பார்க்காமல் வெளியே வந்து எனக்குப் போன் பண்ணினாள்.

“சிஸ்டர் இன்சுலின் போடச் சொல்லுதாங்க. நீ என்னல சொல்லுத?”

இப்போதுதான் ஊசியை மாற்றியிருக்கிறோம், இது மெதுவாகத்தான் ஏறும், மறுபடி இன்சுலினுக்குப் போனால் மறுபடி உடம்பு வைக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். டாக்டர் சூசை.

“ஒரு மாசம் பொறு அக்கா. இது வேல செய்ய டைம் எடுக்கும். அதுவரைக்கும் வாயக் கட்டு.”

“சரில” என்றாள். “நீ சொன்னா சரிதான்.”

6. கப்பல் இல்லாத நாட்கள்

பன்னிரண்டு நாள் கழித்து மச்சான் போன் பண்ணினார். காய்ச்சல், கால் முழங்கால் வரைக்கும் சிவந்து வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். போர்ட் பிளேருக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் எழுதிவிட்டார். ஆனால் கடல் மோசம். கப்பல் கேன்சல். ஹெலிகாப்டரும் பறக்க முடியாத வானம்.

நான் ஜெட்டியில் போய் நின்றேன். போர்டில் கேன்சல் என்று எழுதியிருந்தது. மறுநாளும் போனேன். அதேதான்.

மூன்றாவது நாள் அவளோடு பேசினேன். மச்சான் போனைக் காதில் வைத்தார். மூச்சு வேகமாக இருந்தது.

“சூசை, நான் திங்கலல” என்றாள்.

“சரி அக்கா. அத விடு.”

“நெசமாத் திங்கலல.”

நாலாவது நாள் போய்விட்டாள். ஐந்தாவது நாள் கப்பல் விட்டார்கள். நான் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறையில் மண் ஈரமாக இருந்தது. மழை பெய்ததால் மெழுகுவர்த்தி நிற்கவில்லை.

வீட்டில் மச்சான் டிபன் கடைத் தூக்குச்சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, அவ கடைசி ஒன்றரை மாசம் ஒரு நாளைக்கு ரெண்டு சப்பாத்திதான். நான் கத்துனேன், கேக்கல. ‘என் தம்பி நம்ப மாட்டங்கான், சுகர் எறங்குன சீட்டக் காட்டுனாத்தான் நம்புவான்’னா. ஊருக்கெல்லாம் பரோட்டா போட்டுட்டு அவ பச்சத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தா.”

பிரிட்ஜைத் திறந்தேன். பாட்டிலுக்குப் பின்னால், ஊசி மாற்றியதால் போடாமல் விட்ட ஒரு டிர்செபடைட் குப்பி மீதி இருந்தது. பக்கத்தில் செமாக்ளூடைட் பேனா. கோயில் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் பேனாவால் ஒரு டிக். ஒரு வாரமும் தவறவில்லை. கடைசி ஞாயிறு வரைக்கும் டிக் இருந்தது.

அந்த ஒரு குப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது.

7. உப்பு

வேலைக்குத் திரும்பிப் பத்து நாள் இருக்கும். திக்லிபூர் கஸ்டமர் ஒருவர், ரோடு பிளாக், பஸ் ரொம்ப நேரம் ஆகும், நல்லாக் கட்டிக் கொடுங்கள் என்றார். நான் அவருக்கு என் ஸ்பெஷல் பேக்கிங் செய்து தருவதாகச் சொன்னேன். ஐஸ் வாங்கி வந்து கடைக்குப் பின்னால் உட்கார்ந்து உப்புப் பாக்கெட்டைப் பிரித்தேன்.

நிமாய் தா கை கழுவ வந்தவர் நின்றுவிட்டார்.

“யே க்யா ஹை? என்ன இது?”

“ஸ்பெஷல் பேக்கிங் தா. உப்பு போட்டா குளிர் நல்லா எறங்கும்.”

“எவ்வளவு எறங்கும்?”

“கல்லாயிரும்.”

அவர் என் கையிலிருந்த குப்பியைப் பிடுங்கினார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அன்று கத்தினார்.

“பாகல் ஹை க்யா? பைத்தியமா? இது மீன் இல்ல! உறைஞ்சா மருந்து காலி. அப்புறம் இளகினாலும் வேஸ்ட். தூக்கிப் போடணும். அதுக்குத்தான் பேப்பர் சுத்தச் சொன்னேன். டைரக்ட் ஐஸ் படக் கூடாது, ரெண்டு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது!”

“நீங்க சொல்லல தா. ரூல்னுதான் சொன்னீங்க.”

அவர் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்.

“இந்த டிர்செபடைட்... சூடு முப்பது தாண்டாம இருந்தா மூணு வாரம் வெளியவே இருக்கும் பாய். பிரிட்ஜே இல்லாம. திக்லிபூருக்கு ஒரு ராத்திரி ஒரு பகல். ஐஸே வேண்டாம்.”

ஐஸே வேண்டாம். சும்மா ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்திருந்தால்கூட என் அக்கா பிழைத்திருப்பாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“பிலோமி தீதிக்கு...?”

நான் தலையாட்டினேன். அவர் அந்த ஈரத் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியில் ஐஸ் இருந்தது. அது ரொம்ப நேரம் கரையவில்லை. நான் கட்டினது அல்லவா.

உறைந்த மருந்து முழுசாகச் செத்துப்போகுமா, பாதி வேலை செய்யுமா என்று பிறகு கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் தூக்கிப் போடச் சொல்கிறார்கள் என்றார். அவள் போட்ட ஊசியில் எத்தனை பாதி, எத்தனை வெறும் தண்ணீர் என்று நான் இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

அக்கா வீட்டில் எடுத்த குப்பி என் அறையில் இருக்கிறது. கடையில் அதே மருந்தின் நல்ல குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். ஒரு நாள் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் தண்ணீர் மாதிரித் தெளிவு. நிறம், மூடி, லேபிள், எல்லாம் ஒன்று. மீன் என்றால் கெட்டால் நாறும். கண் குழியும், செவுள் வெளுக்கும். ஆறு வருஷம் அதை வைத்துத்தான் நல்லது கெட்டது பார்த்தேன். மருந்து அப்படி எதையும் காட்டாது.

8. கற்றுக்கொண்டது

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ரூல் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கூட்டம் இருந்தால் கூட்டம் போன பிறகு கேளுங்கள். பழைய வேலையில் கெட்டிக்காரனாக இருந்தால் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் டாக்டர் இல்லை. ஊசி வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதற்கு முன்னால் மருந்து எப்படி வந்தது, எங்கே இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு எனக்கு என்ன ஆகப் போகிறது என்று தெரியவில்லை. கற்றுக்கொண்டவன் உயிரோடு இருக்கிறான், அவ்வளவுதான்.

எது பெஸ்ட் என்று இன்னும் கேட்கிறார்கள். டாக்டரைக் கேளுங்கள் என்கிறேன். டிங்கிக் கதை சொல்வதில்லை. அண்ணாச்சியும் டாக்டர் சூசை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

போன வாரம் ஒரு அம்மா வந்தார்கள். ஹட் பே. ஜெட்டி பக்கம் காய்கறி விற்பவர்கள். கையில் டாக்டர் சீட்டு, டிர்செபடைட், முதல் டோஸ். மதியக் கப்பலில் திரும்புகிறார்கள். நான் ஜெல் பேக்கை எடுத்து வெளியே வைத்துவிட்டு நியூஸ் பேப்பரைக் கிழித்தேன். அவர்கள் என்னை உற்றுப் பார்த்தார்கள்.

“நீ பிலோமி தம்பியில்லா?”

“ஆமாம்மா.”

“அதான் மொகம் தெரியுது. இது என்ன தம்பி, பேப்பரு சுத்துத? ஒங்க அக்கா சொல்லுவா, எந் தம்பி கட்டுன பெட்டியில ஐஸு ரெண்டு நாளானாலும் கரையாதுன்னு. ஜெட்டி பூரா சொல்லிச் சிரிப்பா. அப்படி ஒரு பெருமை அவளுக்கு. எனக்கும் அவளுக்குக் கட்டுன மாதிரியே கட்டிக் குடு.”

கவுண்டரில் வேறு ஆள் இல்லை. நிமாய் தா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார்.

மச்சானிடம் நான் அதுவரை சொல்லவில்லை. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவிடம் சொன்னால் கப்பல் போய்ச் சேர்ந்ததும் ஜெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாமல் பேப்பரைச் சுற்றிக் கொடுத்தால், பிலோமி தம்பி சரியாகக் கட்டவில்லை என்று நினைத்து, இவர்களே வீட்டுக்குப் போகிற வழியில் ஜெட்டியில் ஐஸ் வாங்கி உள்ளே கொட்டுவார்கள். ஹட் பேயில் எல்லாருக்கும் ஐஸ் போடத் தெரியும்.

“அம்மா, உக்காருங்க” என்றேன். “அந்த ஐஸுதான் எங்க அக்காவக் கொன்னுச்சு. நான்தான் போட்டேன்.”

முழுவதும் சொன்னேன். உப்பு எத்தனை கை என்பது வரைக்கும். அவள் சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்ததையும், நான் நம்பாததையும் சொன்னேன். அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

“ஒங்க மச்சானுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

நான் ஜெல் பேக்கைப் பேப்பரில் இரண்டு சுற்று சுற்றினேன். குப்பி அதில் படாமல் நடுவில் அட்டை வைத்தேன். மூடி, டேப் ஒரு சுற்று. அவர்கள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினார்கள்.

கப்பல் அன்று சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மறுநாள் காலை கடை திறக்கிறபோது போன் அடித்தது. மச்சான் பெயர். கை ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.